அறுபதைத் தாண்டிய இருவர் சேலத்திலிருந்து கோடையில் ஒருநாள் வெளியே போய்வருவது எப்படி?

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு நானும் என் மனைவியும் காரில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று தப்பு இருக்கிறது. மே, ஞாயிறு, பத்து மணி. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. கையில் ஏழு இடங்கள் எழுதிய சீட்டு வேறு.

பாதி மலை ஏறும் முன்பே வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. முன்னால் ஒரு சுற்றுலா பஸ், பின்னால் ஒரு வேன், ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். முக்கால் மணி நேரத்தில் நகர்ந்தது இரண்டு கொண்டை ஊசி வளைவு. காலையில் நீர் மாத்திரை (சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை) போட்டுக்கொண்டு வந்த மனுஷிக்கு அந்த முக்கால் மணி நேரம் எப்படி இருந்திருக்கும் என்பதை, வயதான துணையோடு வெளியே போனவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழில் ஒன்றரை இடம் பார்த்தோம். வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. அவளுக்கு முட்டி வீங்கி நாலு நாள் படுக்கை. பெங்களூரிலிருந்து மகன் போனில், "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா?" என்றான். அந்தக் கேள்விதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் மாதத்துக்கு இரண்டு முறையாவது போய்வருகிறோம். பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். இப்போதுதான் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்க இருவர் மட்டும் வீட்டில் இருப்பவர்கள், சேலத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், உங்களுக்காகத்தான் இது. பிரஷர், சுகர், முட்டி வலி என்று வழக்கமான சொத்துகள் இருந்தாலும் நடமாட முடிகிற இருவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதய ஆபரேஷன் முடிந்து சில மாதமே ஆனவர்கள் முதலில் டாக்டரைக் கேளுங்கள், குறிப்பாக மலைக்கு.

1. இடம் அப்புறம். முதலில் நாளும் நேரமும்

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். மே முதல் வாரத்திலிருந்து கடைசி வாரம் வரை அக்னி நட்சத்திரம் வேறு. சமவெளியில் எங்கே போனாலும் காலை பத்தரைக்கு மேல் சாயங்காலம் நாலு வரை திறந்த வெளியில் இருக்கக் கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் மிஞ்சுவது இரண்டு வாய்ப்பு. விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பிப் பத்தரைக்கு வீடு திரும்புவது ஒன்று. நாலு மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குத் திரும்புவது இன்னொன்று. முழுநாள் என்றால் மலைக்கு மட்டும்தான்.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். இளைஞர்கள் சனி ஞாயிறைப் பிடித்துக்கொள்ளட்டும், நமக்கு எல்லாக் கிழமையும் ஞாயிறுதானே. ஏப்ரல் முதல் பாதி இன்னும் நல்லது. பள்ளிப் பரீட்சை முடியாததால் கூட்டம் இருக்காது. மே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். தேதியைச் செய்தித்தாளில் பார்த்து, அந்த வாரத்தில் போகாமல் இருக்கவே தேதி தெரிந்துகொள்ளுங்கள். விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறுவது, குப்பனூர் வழியாக இறங்குவது என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். தெரியாமல் போனால் சுற்றோ சுற்று. ஏற்காட்டு மலைமேல் இருக்கும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான் வரும். சாமி கும்பிடப் போகிறவர்கள் போகலாம், சாவகாசமாக உட்கார்ந்து வரப் போகிறவர்கள் தள்ளிப்போடுங்கள். முகூர்த்த நாளில் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, காலண்டரைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்று, கோடை மழை. மலையில் மதியம் மூன்று மணிக்கு மேல் திடீரென்று இருட்டிக்கொண்டு இடியும் மின்னலுமாக அடிக்கும். அதனால் முழுநாள் என்று நான் சொல்வது காலை ஆறு முதல் மதியம் இரண்டரை வரை. அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட வேண்டும்.

2. முந்தின நாள்: தாள், மாத்திரை, பை

தாளில் நான் மாட்டிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது பயணத்தில், எல்லாவற்றையும் சரியாகச் செய்து, புதன்கிழமை காலை ஆறே காலுக்கு மலை அடிவாரத்தை அடைந்தோம். வண்டியை ஓரமாக நிறுத்தி, எதற்கும் இருக்கட்டும் என்று தாள்களை எடுத்து அடுக்கினேன். என் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அங்கேயே ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஒரு பேச்சும் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பினோம்.

55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் உரிமம் ஐந்து வருஷத்துக்குத்தான் தருவார்கள். ஐந்து வருஷம் நம் வயதில் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இப்போதே எழுந்து போய் உங்கள் உரிமத்தில் தேதியைப் பாருங்கள். முடிகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பே அரசின் பரிவாஹன் இணையதளத்தில் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் படிவம் 1ஏ மருத்துவச் சான்று சேர்க்க வேண்டும், பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்தோடு. தேதி முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும். முப்பது வருஷம் ஓட்டிவிட்டு எட்டு போட்டுக் காட்டுவது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள்.

வண்டிக்கு ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. போனில் டிஜிலாக்கர் என்ற அரசு செயலியில் இருந்தால் செல்லும் என்றாலும் மலையில் சிக்னல் எங்கே கிடைக்கும் எங்கே போகும் என்று சொல்ல முடியாது, நகலாவது வண்டியில் கிடக்கட்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும். ஏற்காட்டுக்கு எங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் இதெல்லாம் எப்போது மாறும் என்று தெரியாது, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நமக்கு என்று மூன்று தாள். ஆதார் நகல், மருத்துவக் காப்பீட்டு அட்டை (முதலமைச்சர் திட்ட அட்டையோ எதுவோ), அப்புறம் ஒரு சின்னச் சீட்டு. அந்தச் சீட்டில் பெயர், ரத்த வகை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகளில் ஒருவரின் போன் எண் எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். இருவருக்கும் தனித்தனியாக. ஆண்கள் சட்டைப் பையில், பெண்கள் மணிபர்சில். ஒரே பையில் இருவர் சீட்டையும் வைத்துவிட்டு அந்தப் பையைக் காரிலேயே பூட்டிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிற தப்பு. அவசரத்துக்கு 108. ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

மாத்திரையை ஒரு நாளைக்கு அல்ல, இரண்டு நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் வைக்கவே கூடாது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், 30 டிகிரிக்கு மேல் போனால் மருந்தின் வீரியம் குறைந்துவிடும். வாயகன்ற பிளாஸ்க்கில், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் சுற்றிய சின்ன டப்பாவுக்குள் வையுங்கள். ஐஸ் மேல் நேரடியாகப் படக் கூடாது, உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பயண நாளில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாமாக நிறுத்துவதும் தப்பு, தண்ணீர் குடிக்காமல் அடக்குவதும் தப்பு. கோடையில் இரண்டாவது தப்புதான் அதிகம் ஆளைச் சாய்க்கிறது, முக்கியமாகப் பெண்களை. வழியில் கழிப்பிடம் இருக்காதோ என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள்.

அதற்கு மருந்து, சில்லறை. கட்டணக் கழிப்பிடத்தில் கூகுள் பே எல்லாம் நடக்காது. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயமாக ஒரு கைப்பிடி. அப்புறம் ஒரு சின்ன சோப்பு.

பையில் மற்றவை: எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் (மலைக்குப் போகும்போது ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக்கைத் தவிருங்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்துக்கொண்டால் வருத்தப்படக் கூடாது), உப்புப் போட்ட மோர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், குடை இரண்டு, துண்டு, பழைய காட்டன் சாக்ஸ் இரண்டு ஜோடி (எதற்கென்று கீழே வரும்), உட்கார ஒரு பழைய பெட்ஷீட். மடக்கு ஸ்டூல் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த மூன்று வருஷத்தில் நாங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்க முடியாது என்பதால் உட்காராமலே நிற்போம், நின்றே களைத்துப்போய் "போதும் வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்போம். ஒரு ஸ்டூல் இத்தனையையும் மாற்றிவிடும்.

3. கார், வாடகை வண்டி, பஸ்

சொந்தக் காரில் மலையேற்றம் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் விதி, இன்றைக்கும் அதுதான் சரி. இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிரேக் பிடித்துப் பிடித்துச் சூடேறி நாற்றம் வரும், அதற்கு மேல் பிடிக்காது. வளைவில் ஹாரன் கட்டாயம். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், ஆனால் விடுவான் என்று நம்பிப் போகக் கூடாது. கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து மலையில் ஓட்ட வேண்டாம்.

தலைசுற்றல், வாந்திக்கு மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் மாத்திரை அது, ஓட்டுகிறவர் தொடவே கூடாது. காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள், ஒரு மிட்டாய் போதும்.

வாடகை வண்டி பேசும்போது நான்கு கேள்வி: எத்தனை கிலோமீட்டர் வரை இந்த வாடகை, மலைக்குத் தனிக் கட்டணம் உண்டா, டிரைவர் பேட்டா எவ்வளவு, பார்க்கிங் யார் கொடுப்பது. நான்கையும் போனில் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். முதல் தடவை நான் வாடகை மட்டும் கேட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்து கணக்குப் பார்க்கையில் அது ஒன்றரை மடங்காகி நின்றது. சண்டை போட்டும் பிரயோஜனமில்லை, கேட்காதது நான்தான்.

ஏற்காட்டு பஸ் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறலாம். காலை முதல் ஒன்றிரண்டு பஸ்களைப் பிடித்தால் ஜன்னல் சீட்டே கிடைக்கும். முன்பக்கம் உட்காருங்கள், கடைசி வரிசை இடுப்புக்கு ஆகாது. திரும்பும்போது சாயங்காலம் வரை காத்திருந்தால் நின்றுகொண்டுதான் இருபது வளைவும். வழியில் கை காட்டி ஏறாமல், மேலே பஸ் நிலையத்திலேயே போய் ஏறினால் சீட்டு நிச்சயம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு பஸ் இலவசம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துக்கு மட்டும்தான். ஆனால் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பக்கத்து இடங்களுக்கு அது உதவும். என் மனைவி கண்டக்டரிடம் ஜம்பமாக, "எனக்கு ஃப்ரீ, அவருக்கு மட்டும் கிழிங்க" என்பாள்.

4. ஏற்காடு: ஏழில் இரண்டை மட்டும் எடுங்கள்

சேலம் டவுன் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். ஏழெட்டு டிகிரி குறையும், அவ்வளவுதான். ஊட்டிக் குளிர் என்று கம்பளி எல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். மெல்லிய சால்வை ஒன்று போதும்.

எங்கள் திட்டம் இப்படி. ஆறு மணிக்கு வீட்டிலிருந்து, ஏழேகால் வாக்கில் மேலே. முதலில் டிபன். அதற்கப்புறம் ஏரிக்கரையில் ஒரு மணி நேரம். படகுத் துறை திறந்ததும் முதல் ஆளாகப் போனால் வரிசை இல்லை. மிதிபடகு எடுத்துவிடாதீர்கள். டிக்கெட் குறைவு என்று எடுத்து, பாதி ஏரியில் முட்டி மடக்க முடியாமல் நாங்கள் நின்றதை, கரையில் இருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தட்டி ரசித்தார்கள். ஆள் ஓட்டும் படகு கேளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் படகுக்காரர் கையைப் பிடித்துக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். பக்கத்திலேயே அண்ணா பூங்கா. உட்கார பெஞ்ச், நிழல், கழிப்பிடம் மூன்றும் அருகருகே இருப்பதால், வயதானவர்களுக்கு ஏற்காட்டில் ஒரே ஓர் இடம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், காட்சிமுனைகளை அல்ல.

இரண்டாவது இடம் உங்கள் விருப்பம். லேடீஸ் சீட்டில் நடை குறைவு, கீழே சேலம் தட்டில் பரப்பிய மாதிரி தெரியும். சேர்வராயன் கோயில் இந்த மலையிலேயே உயரமான இடம், 1,600 மீட்டருக்கு மேல். வண்டி கிட்டத்தட்ட பக்கத்திலேயே போய்விடும். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். கூரை தாழ்வு, குனிந்துதான் போக வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்கள் வாசலிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. வெளியே பெரிய வெட்டவெளி, காற்று ஆளைத் தள்ளும். இடி கேட்டால் அங்கே நிற்காதீர்கள், உடனே வண்டிக்குள் போய்விடுங்கள். செடி கொடியில் ஆர்வம் உள்ளவர்களுக்குத் தாவரவியல் தோட்டம். பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடி அங்கே இருக்கிறது. விடுமுறை நாள் கேட்டுவிட்டுப் போங்கள்.

கிளியூர் அருவிக்குப் போகவே வேண்டாம். கோடையில் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். அதற்காக இறங்கும் படிகளில் இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் நெஞ்சு சொல்லும். ஆடி ஆவணி மழைக்கு அப்புறம் பேரப்பிள்ளைகளை அனுப்புங்கள்.

இறங்கி நடக்கவே முடியாத நாளில் எங்கள் வழி, 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. லூப் ரோடு என்று கேட்டால் சொல்வார்கள். காபித் தோட்டங்களுக்கு நடுவே போகும், கூட்டமே இருக்காது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், பலாமரத்தில் அடியிலிருந்தே காய் தொங்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாள் கழித்துப் போக முடிந்தால் போங்கள். காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது என் மனைவி, "ஏங்க, யாரோ மல்லிகைத் தோட்டம் போட்டிருக்காங்க" என்றாள். ஜன்னலை இறக்கினேன். வாசனையும் அப்படியேதான். மூன்று நாலு நாளில் பழுப்பாகிக் கொட்டிவிடும் என்று வழியில் நின்ற தோட்டத்து ஆள் சொன்னார். வழியில் கடை குறைவு, சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும், பெட்ரோல் டேங்கும் பாதிக்கு மேல்.

குரங்கு பற்றி ஒரு வார்த்தை. கையில் கவர் தெரிந்தால் பிடுங்கும். கண்ணாடி போட்டவர்கள் ஜாக்கிரதை. வளைவுகளில் நிறுத்தி அதற்குத் தின்பண்டம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாங்குவதென்றால் காபித்தூள், மிளகு, பட்டர் ஃப்ரூட். மிளகைக் கடையில் இரண்டு மணி வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏறும்போது வாங்காதீர்கள், நாள் முழுக்க நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

5. தாரமங்கலம்: சாக்ஸ் இதற்குத்தான்

சேலத்திலிருந்து 25 கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸும் அடிக்கடி. கைலாசநாதர் கோயில். கல்மண்டபத்துக்குள் நுழைந்தால் வெளியே அடிக்கும் வெயில் மறந்துபோகும். ஆனால் பிரகாரக் கல் ஒன்பதரைக்கெல்லாம் தோசைக்கல் ஆகிவிடும். சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் சுட்டதே தெரியாது, வீட்டுக்கு வந்து பார்த்தால் கொப்புளம். அந்தக் கொப்புளம் ஆற எத்தனை மாதம் என்பது சர்க்கரை வியாதிக்காரர்களுக்குத்தான் தெரியும். காட்டன் சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை எங்களை. சொன்னால் காரணத்தைச் சொல்லுங்கள்.

ஏழு மணிக்குள் அங்கே இருந்தால் அவசரமில்லாமல் தூண்களைப் பார்க்கலாம். யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தை எல்லோரும் காட்டுவார்கள். எங்களுக்குப் பிடித்தது ராமர், வாலி தூண்கள். ராமர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவார், வாலி பக்கம் போய் நின்று பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி நின்று பார்த்தோம். "இங்கேருந்து நீங்களும் தெரியலைங்க" என்றாள். பத்து நிமிஷம் அதிலேயே போனது. ஸ்டூலை உள்ளே கொண்டுபோகாதீர்கள், திண்ணை போல உட்கார இடம் நிறைய இருக்கிறது.

உச்சிவேளைக்கு அப்புறம் நடை சாத்திவிடுவார்கள், திறப்பது சாயங்காலம்தான். பதினோரு மணிக்குக் கிளம்பிப் போய் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

6. காவிரிக்கரை: மேட்டூரா, பூலாம்பட்டியா?

மேட்டூர் எல்லோருக்கும் தெரியும். சுமார் 50 கிலோமீட்டர், ஓமலூர், மேச்சேரி வழி. அணைப் பூங்காவில் நிழலும் புல்வெளியும் உண்டு, நுழைவுக் கட்டணம் கொஞ்சம்தான். கோடையில் 120 அடி அணையில் தண்ணீர் இறங்கியிருக்கும். நிரம்பின அணையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழைக்காலத்தில் வாருங்கள். ரொம்பவும் வற்றிய வருஷங்களில் மட்டும் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தலை நீட்டும். அது ஒரு தனிக் காட்சி, ஆனால் காய்ந்து வெடித்த சேற்றில் நடக்க வேண்டியிருக்கும், கரையிலேயே நின்று பாருங்கள்.

மீன் வறுவல் சாப்பிடாமல் மேட்டூரிலிருந்து யாரும் வருவதில்லை. மீனைக் காட்டச் சொல்லி, செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கண்முன் புது எண்ணெயில் போடச் சொல்லுங்கள். முள் குறைவான துண்டாகக் கேளுங்கள், பல்செட் போட்டவர்களுக்கு முள் மாட்டினால் தெரியாது. ஆற்றில் குளிக்க இறங்க வேண்டாம். பாறை வழுக்கும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு மேட்டூரைவிடப் பூலாம்பட்டிதான் பிடிக்கும். எடப்பாடி தாண்டிப் போக வேண்டும். கதவணையில் தண்ணீரைத் தேக்கி வைப்பதால் கோடையிலும் காவிரி அகலமாக, அசையாமல் நிற்கும். அங்கிருந்து எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகும். சுற்றுலாவுக்கு விட்ட படகு அல்ல, ஊர்க்காரர்கள் மொபெட்டையும் பால் கேனையும் ஏற்றிக்கொண்டு போகிற படகு, அதனால் கட்டணமும் அதற்கேற்ற மாதிரி சில்லறைதான். நாலு மணிக்குக் கிளம்பிப் போய்ச் சேர்ந்ததும், ஒருமுறை அக்கரை போய் ஒரு டீ, வெயில் தாழ்ந்ததும் இக்கரை. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அணையிலிருந்து அதிகம் தண்ணீர் திறக்கிற நாட்களில் படகை நிறுத்திவிடுவார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேளுங்கள். ஒருமுறை கேட்காமல் அக்கரையில் டீக்கடையில் கதை பேசிவிட்டு, கடைசிப் படகை ஓடிப் பிடித்தோம், அதாவது நாங்கள் ஓடும் வேகத்தில்.

7. அரை நாள் போதும் என்றால்

குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, மலை அடிவாரத்தில், டவுனிலிருந்து பத்து கிலோமீட்டர். மரநிழலில் நடை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவுடன் போக வேண்டும், பத்து மணிக்கு மேல் மான்கூட எழுந்திருக்காது. புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன், 146 அடிச் சிலை, நெடுஞ்சாலையிலிருந்தே தெரிவார். சாயங்காலம் மட்டும் போங்கள், சுற்றிலும் வெட்டவெளி. அதுவும் முடியாத நாளில் டவுனுக்குள்ளேயே சுகவனேசுவரர் கோயில், திரும்பும்போது ஒரு தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தருவது). பல் ஒத்துழைக்காதவர்கள் அதையே நொறுக்கித் தரும் நொறுக்கல் கேளுங்கள், சட்னியில் ஊறினதும் கரையும்.

8. செலவு

பெட்ரோல் லிட்டருக்கு நூறு ரூபாய்க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொண்டால், சின்னக் காரில் ஏற்காடு போய்வர, உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்து 70 கிலோமீட்டர், மலை என்பதால் லிட்டருக்கு 12 தான் கொடுக்கும், ஆக அறுநூறு ரூபாய். சுற்றுச் சாலையும் சேர்த்தால் எண்ணூற்றைம்பது. டிபன், காபி, படகு, பார்க்கிங் எல்லாம் சேர்த்து எங்கள் கணக்கில் இரண்டாயிரத்தைத் தாண்டியதில்லை, மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போவதால். கட்டுச்சோற்றில் தேங்காய் சேர்க்காதீர்கள், இந்த வெயிலுக்கு மதியமே ஊசிப்போகும். தாரமங்கலம் பஸ்ஸில் என்றால் இருவருக்கும் டிபனோடு இருநூறு முந்நூறுக்குள் முடிந்துவிடும். மிளகு வாங்கும் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது வீட்டம்மா இலாகா.

9. திரும்பி வந்தபின்

அடுத்த நாள் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பேங்க், கரண்ட் பில், கல்யாண வீடு எதுவும். வந்தவுடன் சில்லென்று தண்ணீரில் குளிக்காமல் கால் மணி நேரம் மின்விசிறிக்கடியில் உட்காருங்கள். பாதத்தை நன்றாகப் பாருங்கள், நம் பாதம் நமக்குத் தெரியாது, ஒருவர் பாதத்தை இன்னொருவர் பார்க்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு. முட்டிக்கு ஒத்தடம். பிள்ளைகளுக்கு "வந்துட்டோம்" என்று ஒரு போன், இல்லையென்றால் பத்து மணிக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள்.

திரும்பி வந்ததும் சமைக்கத் தெம்பு இருக்காது, வழியில் ஓட்டலில் முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும், அதுதான் மறுநாள் வயிற்றைக் கெடுக்கும். அதனால் மூன்று மாதமாக நாங்கள் ஒன்று செய்கிறோம். கிளம்பும் அன்று விடியற்காலையில், முந்தின ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம். காலைப் பயணம் என்றால் பத்தரை மணிக்கு, செருப்பைக் கழற்றியதும், சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டு. முழுநாள் போகும்போது மட்டும் சோறு புளித்துவிடும், அன்றைக்குத் தயிரும் இட்லி மாவும் ஃப்ரிட்ஜில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.